உள்பலகையில் நூற்றுப் பதினேழு பேர்

அந்த ஊரில் ஓர் உயிரின் விலை பதினாறே முக்காலும் கொஞ்சம் சில்லறையும், வண்டிக் கூலி தனி. பழைய பித்தளை அன்றைக்குக் கிலோ நானூற்றெண்பதுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கு முப்பத்தைந்து கிராம் இருந்தது. மிச்சத்தை யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். மொத்தமாக எடுத்தால் குறைத்துத் தருவீர்களா என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விலை என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதைக் குறைத்துக் கேட்பதுதான் மரியாதை என்று வளர்ந்த ஊர் அது.

இந்த விலை வந்த வழியைச் சொல்வதென்றால் நூல் ஆலை மூடப்பட்ட பிற்பகலில் தொடங்க வேண்டும். கடன்காரர்களுக்கு வாய்தா சொல்லிச் சொல்லி வாய்தாவே தீர்ந்துபோய், மதியச் சாப்பாட்டுக்குப் போன முதலாளி திரும்பி வரவில்லை. பஞ்சு கொடுத்தவர்கள் திரண்டு வந்து, ஆள் உள்ளேதான் ஒளிந்திருக்கிறார் என்று முடிவு கட்டி, பெரிய வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். உள்ளே இருந்தது முதலாளி இல்லை, இரண்டாம் ஷிப்ட். நூற்றுப் பதினேழு பேர். மின்சாரம் நின்ற பிறகும் அவர்கள் கொஞ்ச நேரம் தங்கள் தங்கள் மெஷின் பக்கத்திலேயே நின்றார்கள். பிறகு பசித்தது. பாய்லர்காரர் கடப்பாரையை எடுத்துக் கரிக்கிடங்குச் சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கல்லைப் பெயர்த்தார். ஒவ்வொருவராகக் குனிந்து வெளியேறி வீட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு அந்த ஷிப்டில் யாரும் சாகவில்லை.

ஊர் இதைக் கவனிக்கச் சில வருடம் பிடித்தது. மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த எண்ணெய்க்காரர் பஸ் சக்கரத்துக்கு அடியில் போனார். எழுந்து, தூசி தட்டிக்கொண்டு, கிழிந்த சட்டைக்கு டிரைவரிடம் காசு கேட்டார். கிணற்றில் விழுந்த பாய்லர்காரர் சில நாள் கழித்துத் தானே ஏறி வந்து, இத்தனை நேரமாகக் கூப்பிடுகிறேன், ஒருத்தருக்கும் காது கேட்கவில்லையா என்று வீட்டில் சண்டை போட்டார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அந்த ஷிப்ட் ஆட்களைத் தேடித் தேடிப் பாலிசி போட்டு, வீட்டுக்கு மாடி எடுத்தார். வட்டிக்காரர்கள் அவர்களுக்கு மட்டும் நீண்ட தவணை கொடுத்தார்கள். தாலி நிலைக்கும் என்ற உத்தரவாதத்தில் அந்த ஷிப்ட் மாப்பிள்ளைகளுக்குக் கிராக்கி ஏறியது. சவப்பெட்டி செய்கிறவர் ஒருவர்தான் நம்பிக்கை இழந்து அலமாரி செய்யப் பழகிக்கொண்டார்.

பிறகு அவர்களுக்கு வயதாயிற்று. சாவுதான் வரவில்லையே தவிர, அதற்கு முன்னால் வருகிறவை எல்லாம் வரிசை தப்பாமல் வந்தன. கண் போனது, இடுப்பு போனது, நினைவு போனது. ஊரில் பல வீடுகளின் பின்னறையில் ஒரு கட்டில் விழுந்தது. அந்தக் கட்டில்களில் இருந்தவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்கள். மாப்பிள்ளை எடுத்தவர்கள், சரக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாதா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை; முகத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

தையல்கடைப் பின்னறையில் கிடந்தவள் தையல்காரனின் அக்கா. தையல்காரனை ஊரில் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட, அவனுக்குச் சோறு, சட்டை, முதல் தையல் மெஷின் எல்லாம் அக்காவின் ஆலைச் சம்பளத்தில் வந்தவை. சின்ன வயதில் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய், வாசலில் நின்று அவள் நம்பரைக் கத்துவான்: அறுபத்து மூணு! இப்போது அவள் நெஞ்சு முழுக்கப் பஞ்சு. மூச்சு இழுக்கும்போது ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு சத்தம் வரும். அது கேட்காமலிருக்க அவன் மெஷினை வேகமாக மிதிப்பான். அதனால் அவன் தைத்த துணிகளில் தையல் கொஞ்சம் நெருக்கமாகவே இருக்கும், வாடிக்கையாளர்கள் அதைத் தரம் என்று நினைத்தார்கள். இத்தனை வருடத்தில் அவள் இருமித் துப்பிய பஞ்சு இரண்டு தலையணைக்குக் காணும். இந்த மழைக்காலம் தாண்டாது என்று டாக்டர் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு மழைக்காலத்தை டாக்டர்தான் தாண்டவில்லை.

ஊசியின் நண்பன் பழைய இரும்பு வியாபாரி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பதால் அவனுக்குக் காந்தம் என்று பெயர். எதைப் பார்த்தாலும் முதலில் அதை ஒட்டிப் பார்ப்பான். தன் கல்யாணத்தில் பெண்ணின் வளையலில் ஒட்டிப் பார்த்தான் என்றும், ஒட்டிக்கொண்டது என்றும், அப்படியும் கட்டிக்கொண்டான் என்றும் சொல்வார்கள். ஊசி போகிற இடத்துக்கெல்லாம் காந்தம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்ன ஜோக்கை ஊர் அன்றுதான் கேட்டது போலச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆலை மூடி இருபத்து மூன்றாம் வருடம், உள்ளே இருப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி ஏலம் விடப் பேங்க் முடிவு செய்தது. ஏலத்துக்கு முன் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்று காந்தம் ஊசியைத் துணைக்குக் கூப்பிட்டான்.

"சாவி கேட்டு வாங்கிட்டியா?" என்றான் ஊசி.

"பைத்தியமா நீ? விலை சொல்றதுக்கு முன்னாடி சாவி கேட்டா நமக்கு ஆசைன்னு தெரிஞ்சு போயிடும். சுவர்லதான் ஓட்டை இருக்கே."

கரிக்கிடங்கு ஓட்டை வழியாகக் குனிந்து நுழைந்தார்கள். அங்கே கரி இல்லை. கரி இருந்த கறுப்பு மட்டும் தரையில் இருந்தது. நூற்புக்கூடத்தில் கூரைத் தகடுகள் பாதி விழுந்திருந்தன. அந்த இடங்களில் வெயில் நீளப் பெட்டிகளாகத் தரையில் நின்றது. வரிசை வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றின் மேலும் துரு, துருவின் மேல் பறவை எச்சம். கண்ணாடித் தம்ளரில் யாரோ பாதி குடித்த டீ காய்ந்து தோலாகிக் கிடந்தது. ஒரு ஜோடி செருப்பு, ஒரு சீப்பு, புகை பிடிக்காதே என்ற பலகைக்குக் கீழே குவியலாகப் பீடித்துண்டு. அந்தப் பிற்பகலில் காற்றில் நின்ற பஞ்சு இன்னும் கீழே இறங்கவில்லை. மார்பளவுக்கு அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் கையால் விலக்கிக்கொண்டு நடந்தார்கள். காந்தம் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மெஷின் மெஷினாகக் காந்தத்தை ஒட்டி, மனதுக்குள் எடை போட்டுக்கொண்டே போனான். ஊசி அக்கா நின்ற இடத்தைக் கண்டுபிடித்தான். சிமெண்டுத் தரையில் இரண்டு பாதங்களின் பள்ளம் இருந்தது. தன் காலை அதில் வைத்துப் பார்த்தான். சின்னதாக இருந்தது.

கடைசியாகப் பெரிய வாசலை ஒட்டிய அறைக்கு வந்தார்கள். அங்கே எதிரெதிர்ச் சுவரில் இரண்டு மரப்பலகைகள், ஒன்றில் உள்ளே என்றும் மற்றதில் வெளியே என்றும் வெள்ளை எழுத்து. ஆலையின் பழக்கம் இதுதான்: ஒவ்வோர் ஆளுக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. வேலைக்கு வரும்போது அதை வெளிப்பலகையிலிருந்து எடுத்து உள்பலகையில் மாட்ட வேண்டும், போகும்போது திரும்ப எடுத்து வெளிப்பலகையில் மாட்ட வேண்டும். வில்லை உள்பலகையில் இருக்கும்வரை ஆள் உள்ளே இருப்பதாகத்தான் ஆலை எடுத்துக்கொள்ளும். அப்படியில்லை என்று வாதாடிச் சம்பளத்தில் ஜெயித்தவர் யாருமில்லை. வெளிப்பலகையில் ஆணிகள் மட்டும் இருந்தன. உள்பலகையில் நூற்றுப் பதினேழு வில்லைகள் களிம்பு ஏறாமல், நேற்றுத் துடைத்தது போல மின்னின. ஊசி ஒன்றைத் தொட்டான். யாரோ அதுவரை கையில் வைத்திருந்து இப்போதுதான் மாட்டியது போலச் சூடாக இருந்தது.

காந்தத்துக்கு வில்லையின் சூடு ஒரு பொருட்டில்லை. உலோகம் என்ன என்பதுதான் விஷயம். காந்தத்தை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனான். ஒன்றே ஒன்று வெடுக்கென்று ஒட்டிக்கொண்டது. "மேலே பித்தளை முலாம், உள்ளே இரும்பு. நிச்சயம் ஒரு மேஸ்திரியோடதுதான்" என்று சிரித்தான். பிறகு பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து, நாற்பதாம் நம்பர் வில்லையின் ஓரத்தை இரண்டு இழுப்பு இழுத்தான். பழைய பித்தளை வாங்குகிற எவனும் இதைச் செய்யாமல் விலை சொல்ல மாட்டான். இழுத்த இடம் மஞ்சளாக இல்லை, சிவந்திருந்தது. செம்பு தாராளமாகக் கலந்திருக்கிறார்கள் என்று காந்தம் சந்தோஷப்பட்டான்.

ஊருக்குத் திரும்பியபோது டீக்கடையில் கூட்டம். ஓய்வுபெற்ற மேஸ்திரி வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், நாற்காலியோடு சேர்ந்து தரையில் இழுபட்டுப் போய்ச் சுவரில் மோதியிருக்கிறார். அதைவிடப் பெரிய செய்தி எண்ணெய்க்காரருடையது. அவர் டீக்கடை பெஞ்சிலேயே தோளில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்துல ஒரு ஈ கூட இல்லப்பா. சும்மா உக்காந்திருக்கேன், யாரோ அரத்தை வச்சு ரெண்டு இழுப்பு இழுத்தாப்பல இருந்துச்சு."

ஊசி தணிந்த குரலில், "உங்க நம்பர் என்ன?" என்று கேட்டான்.

"நாற்பது. ஏன், லாட்டரி போடப் போறியா?"

இரண்டு பேரும் டீ குடிக்காமலே எழுந்து வந்தார்கள். காந்தம் டீயை வீணாக்கியது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலமே ஊசி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று பேசுகிறவள், அன்று அவசரப்படாமல் இடம்விட்டு இடம்விட்டுப் பேசினாள்.

"அப்பவே நினைச்சேன்டா. வீட்டுக்கு வந்த மாதிரியே இல்ல. இத்தனை வருஷமா… கால் ரெண்டும் மெஷின் முன்னாடியே நிக்குது."

"அக்கா, இது ஏதோ…"

"வாசல் வழியா வந்தாத்தான் வந்ததா அர்த்தம். நாங்க யாரும் இன்னும் வெளியே வரல. என்னோடதை எடுத்து இந்தப் பக்கம் மாட்டிடு, தம்பி."

அவன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். சரி என்று சொல்லவில்லை.

காந்தம் ஏலத்தை எடுத்தான். இரும்பு தனி, மரம் தனி, பித்தளை எடைக்கு. சாவி கைக்கு வந்தது, லாரிகள் வந்தன, மெஷின்கள் ஒவ்வொன்றாக அறுபட்டு வெளியேறின. வாசல் அறையை மட்டும் கடைசிக்கு என்று பூட்டி வைத்தான். ஒவ்வொரு வாரமும் ஊசி போய் அந்தச் சாவியை வாங்குவான், உள்பலகை முன்னால் போய் நிற்பான், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவான். வீட்டில் அக்கா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.

"இன்னிக்கும் இல்லையா?"

"வேலை இருந்துச்சுக்கா. கல்யாணத் துணி ஒண்ணு."

"யாரு கல்யாணம்? உனக்கா?" என்று சிரிக்கப் போய், அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் நெடுநேரம் நிற்காது.

காந்தம் ஒருமுறை பொறுமை இழந்தான். "நீ அவங்களை வச்சுக்கிட்டிருக்கியா, இல்ல அவங்க வலியை வச்சுக்கிட்டிருக்கியா? எனக்குத் தெரிஞ்ச வியாபாரத்துல இதுக்குப் பேர் பதுக்கல்."

"உன் அக்காவா இருந்தா நீ எடுப்பியா?"

காந்தம் யோசித்தான். "எடுக்க மாட்டேன்" என்றான். "அதனாலதான் உன்னைத் திட்டறேன்."

மழைக்காலம் வந்தது. அக்காவின் வாயிலிருந்து பஞ்சு நூலாகவே வரத் தொடங்கியது. ஊசி அதை மெதுவாக இழுத்து விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டியிருந்தது. அறுந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். ஒரு நாள் காலையில் அது நிற்கவே இல்லை. இழுக்க இழுக்க வந்தது. பாபின் ஒன்று நிறைந்து இரண்டாவதும் நிறைந்தது. அவள் பேச முடியாமல் அவன் கையை மட்டும் பிடித்திருந்தாள். பிடியில் பலம் இருந்தது. சின்னப் பையனைக் கூட்டத்தில் தொலைத்துவிடாமல் பிடிக்கிற பிடி. நூல் ஒருவழியாக நின்றதும் அவன் கையை விடுவித்துக்கொண்டு, குடை எடுக்காமல் ஆலைக்குப் போனான். காந்தம் பூட்டைத் திறந்துவிட்டு வெளியே மழையில் நின்றுகொண்டான்.

அறுபத்து மூன்றை ஆணியிலிருந்து எடுத்தபோது அது அவன் உள்ளங்கையில் லேசாகத் துடித்தது. எதிர்ச்சுவருக்கு நாலே எட்டு. அந்த நாலெட்டை நடக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காந்தம் பிற்பாடும் யாரிடமும் சொல்லவில்லை. வெளிப்பலகையில் மாட்டியதும் வில்லை ஆறியது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் ஊசி அழுதான். பின்கட்டுக்கு வந்து பார்த்தால் கட்டில் காலி. அக்கா குழாயடியில் குனிந்து நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்தும் காதிலிருந்தும் பஞ்சு வழிந்து சாக்கடையை அடைத்திருந்தது. நிமிர்ந்து, "அப்பாடா" என்றாள். "வேலை முடிஞ்சுது. என்னடா இப்படி நனைஞ்சு வந்து நிக்கறே? துண்டை எடு. பசிக்குது."

இரண்டு தட்டு வைத்து உட்கார்ந்தார்கள். மூச்சில் சத்தமே இல்லை. மெஷினை மிதிக்காத அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை ஊசி கேட்டதில்லை. அவள் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றாள். அவன் தைத்துத் தொங்கவிட்டிருந்த சட்டை ஒன்றைப் பார்த்து, காலர் ஒரு பக்கம் இழுக்கிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கேளு. இனி ஊரே உன்கிட்ட வரும். பையன் கேட்டான், மருமகள் கேட்டாள்னு யாரோடதையும் எடுக்காதே. ஆள் தன் வாயால கேக்கணும்."

"சரிக்கா."

"அப்புறம், என் பக்கத்து ஆணியில அறுபத்து நாலு இருக்கும். அறுந்த நூலைக் கட்டறவரு. மில்லு மூடின மறுவாரம் வேலை தேடி ரயில் ஏறினாரு. வேலை கிடைச்சதும் சொல்லியனுப்பறேன்னாரு." தட்டில் விரலால் ஏதோ கோடு இழுத்தாள். "அதை நீ தொடாதே. அவரே வந்து கேக்கட்டும்."

இவ்வளவு வருடத்தில் இப்படி ஒருவர் இருந்ததே ஊசிக்குத் தெரியாது. "வந்தா என்ன சொல்லட்டும்?" என்று கேட்டான்.

"நான் வேலை முடிஞ்சு வந்து, சாப்பிட்டுத் தூங்கிட்டேன்னு சொல்லு. எழுப்ப வேண்டாம்."

அவள் படுத்தாள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள், சாதாரணமாகத் தூங்கினாள். காலையில் எழுந்திருக்கவில்லை. சவப்பெட்டி செய்கிறவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் பெட்டியில் தெரியாமல் ஒரு தாழ்ப்பாள் வைத்துவிட்டார். பிறகு கழற்றிக் கொடுத்தார்.

அக்கா சொன்னபடியே ஊர் வந்தது. பித்தளை காந்தத்தின் சரக்கு. அவன் எடைக்கு எடை அன்றைய விலை சொன்னான், ஒரு காசு கூட்டவில்லை, ஒரு காசு குறைக்கவுமில்லை. சும்மா கொடுத்தால் சாவுக்கு மதிப்பிருக்காது என்றான். வியாபாரம் அவன் வாசலில், அனுமதி ஊசியின் கையில். அப்பாவுக்கு வலி தாங்கவில்லை என்று ஒரு மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். விசாரித்தால் அப்பா தெருமுனையில் சீட்டாடிக்கொண்டிருந்தார், கையில் நல்ல சீட்டு வேறு. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு ஊசி தானே போய், எல்லாரையும் அறையைவிட்டு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பான். சிலர் உடனே சரி என்றார்கள். சிலர் பேத்தி பரீட்சை முடியட்டும் என்றார்கள். பேச்சே போனவர்களின் பக்கத்தில், அவர்கள் கண் எதையாவது சொல்லும்வரை மாதக்கணக்கில் வந்து உட்கார்ந்தான். மேஸ்திரி மட்டும் பித்தளை விலை கொடுக்க மறுத்தார். தன்னுடையது இரும்புதானே என்று வாதாடி, இரும்பு விலைக்குப் போய்ச் சேர்ந்தார். வில்லை கடந்த அன்று எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்தார்கள்: முகம் கழுவினார்கள், பசிக்கிறது என்றார்கள், தூங்கினார்கள்.

எண்ணெய்க்காரர் வாரா வாரம் வந்து, துணியால் நாற்பதாம் நம்பரைத் துடைத்துவிட்டு, இன்னும் ஆசை தீரலப்பா என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். தொண்ணூற்றெட்டாம் வயதில் ஒரு நாள் துடைக்காமல் நின்றார். சீட்டாட ஆளில்லை என்றார். தானே எடுத்து, தானே கொண்டுபோய் மாட்டிவிட்டு, கையை உதறிக்கொண்டு போனார்.

ஆலை நிலத்தில் கிடங்குகள் எழும்பின. வாசல் அறையை இடிக்கக் கூடாது என்ற ஒரு வரிக்காகக் காந்தம் நிலத்தின் விலையில் நிறையவே விட்டுக்கொடுத்தான். பித்துப் பிடித்துவிட்டது என்று அவன் மனைவி நம்பினாள். கிடங்குக்கு வரும் லாரிக்காரர்கள் அந்த அறையைச் சுற்றி வண்டியைத் திருப்பப் பழகிவிட்டார்கள். காந்தம் சாதாரண மனிதன், சாதாரணமாகச் செத்தான். ஊசி கண்ணாடி மாற்றிக்கொண்டான், பிறகு தையலை விட்டான். தெரிந்த ஊர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பிப் பார்த்தாயிற்று. அறுபத்து நாலை அறிந்தவர் யாருமில்லை. எந்த ஊரிலோ, எந்தப் பின்னறையிலோ, தான் ஏன் இன்னும் இருக்கிறோம் என்று தெரியாமல் ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எடுத்து மாட்டிவிடலாமே, பாவம் என்று பலர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லையே என்று ஊசி பதில் சொன்னான். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து வைத்து, சாயங்காலம்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு, உள்ளே போய் ஒருமுறை தொட்டுப் பார்த்துப் பூட்டிக்கொண்டு வருகிறான்.

வெளியே நூற்றுப் பதினாறு. உள்ளே ஒன்று, இன்னும் சூடு ஆறவில்லை.